ஜாம்போ சாரும் ரெண்டு விச்சடியும்

ஸ்வாஹிலி என்ற மொழியை, அதற்குத் துளியும் சம்பந்தமில்லாத ஓர் ஊரில் வைத்து, தனி ஆளாக இவ்வளவு இம்சைப்படுத்தியவர் இந்தப் பூமியில் ஜாம்போ ஒருவர்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்த மொழி பேசும் கோடிக்கணக்கானவர்களுக்கு விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் பேகம்பேட்டில் எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு கண்டன ஊர்வலமாவது நடந்திருக்கும்.

நான் கோவில்பட்டியிலிருந்து ரயிலேறி வந்து, அமீர்பேட்டில் மூன்று மாதம் கோர்ஸ் படித்து, வங்கிகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் ஜாம்போ. வயது நாற்பத்து நான்கு. சாஃப்ட்வேரை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுவது அவர் வேலை. எழுதியதை யாரும் படிப்பதில்லை என்று அவருக்கே தெரியும். அதனால் நிம்மதியாக எழுதுவார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்வாசி. வீட்டுத் தமிழில் உருதுவைத் தாராளமாக ஊற்றிப் பேசுவார். அவர் வாழ்நாளில் போன அதிகபட்ச தூரம், இந்தப் பக்கம் திருப்பதி, அந்தப் பக்கம் ஷீரடி.

ஒருநாள் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, தான்சானியாவில் ஒரு வங்கி நம் சாஃப்ட்வேரை வாங்கப்போகிறது, ஒருவர் ஆறு மாதம் அங்கே போய் இருக்க வேண்டும், அந்த ஊர் பாஷை கொஞ்சம் தெரிந்தால் நல்லது என்று பேச்சுக்குச் சொல்லிவைத்தார். நாங்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம். ஜாம்போ மட்டும் நோட்டு வாங்கப் போனார்.

மறுநாள் காலை செக்யூரிட்டி, லிஃப்ட், நான் என்று எதிர்ப்பட்ட எல்லாருக்கும் "ஜாம்போ!" என்று வணக்கம் வைத்தார். அன்றோடு அவர் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியமானது.

குருவும் கிடைத்தான். ஹப்சிகுடாவில் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஜூமா என்ற தான்சானியப் பையன் மாடியறை எடுத்துத் தங்கி பார்மசி படித்துக்கொண்டிருந்தான். ஜாம்போ ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்வாஹிலி கற்றுக்கொள்வார். பதிலுக்கு, ஜூமாவின் பாட்டுச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வரும் வீட்டுக்காரரைத் தெலுங்கில் சமாளிப்பார். முதல் வகுப்பிலேயே ஜூமா, "சார், ஜாம்போ என்று டூரிஸ்டுகளிடம்தான் சொல்வோம். நாங்கள் எங்களுக்குள் ஹபாரி என்போம், என்ன செய்தி என்று அர்த்தம்" என்று ஆங்கிலத்தில் திருத்தினான். ஆனால் ஆபீசில் பெயர் ஒட்டி முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை அவர் முகத்தில் ஒரு கண்டுபிடிப்பாளரின் ஒளி.

"கேளு பா. ஹபாரின்னா என்னா? நம்ம உருது கபர். புக்குக்கு அவங்க கிதாபுங்கறாங்க. ஐஸுக்கு பராஃபு. உலகத்துக்கு துனியா. பஸ்ஸுக்கு பாஸி, பேங்குக்கு பெங்கி. உருது, இங்கிலீஷ் எதுவானாலும் சரி, கடைசியில ஒரு உவோ இயோ போட்டா ஸ்வாஹிலி. நம்ம ஜனங்க காரு, பஸ்ஸுன்றதில்லையா? ஹவ், ஆமா, எல்லாம் நம்ம ஆளுங்கதான் பா!"

இந்த விதியை வைத்து அவர் சொந்தமாக வார்த்தைகள் தயாரிக்க ஆரம்பித்தார். ஜூமா பாவம், வாரா வாரம் தன் தாய்மொழியில் தானே கேட்டிராத புதுச் சொற்களைக் கற்றுக்கொண்டான்.

அடுத்து இலக்கணம். ஸ்வாஹிலியில் 'கி' என்று தொடங்கும் பல சொற்கள் பன்மையில் 'வி' ஆகிவிடுமாம். ஒரு புத்தகம் கிதாபு, நிறைய இருந்தால் விதாபு. இதை அவர் தெரிந்துகொண்ட மறுநாள் ஆபீஸ் எதிரில் இருந்த டிபன் சென்டருக்கு என்னை அழைத்துப் போனார்.

"தோ விச்சடி!"

"விச்சடி நை ஹை சாப்" என்றார் சர்வர்.

"கிச்சடி இருக்கா?"

"கிச்சடி ஹை."

"அதான்யா, ஒண்ணு வந்தா கிச்சடி. ரெண்டு வந்தா விச்சடி. கொண்டா!"

சர்வர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன்.

மெதுவாக என்பதற்கு ஸ்வாஹிலியில் 'போலே போலே'. ஒருநாள் ஹப்சிகுடாவில் அவர் வீட்டுக்குப் போகும் வழியில், தார்நாகாவில் ஆட்டோ பறந்தது. ஜாம்போ முன்னால் குனிந்து, "போலே போலே!" என்றார். செகந்திராபாத் தெலுங்கில் 'போலே' என்றால் 'போகவில்லை'. டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "போலே அன்டரேந்தி சார், போதுன்னம் கதா!" என்று, போய்க்கொண்டுதானே இருக்கிறோம் என்ற கோபத்தில் இன்னும் முறுக்கினார். இவர் இன்னும் சத்தமாக "போலே போலே!" என்க, அவர் இன்னும் முறுக்க, ஹப்சிகுடாவில் இறங்க வேண்டிய நாங்கள் அதைத் தாண்டி உப்பல் அருகே இறங்கினோம்.

ஆபீசில் எச்.ஆர். அம்மையாரை 'தாதா' என்று கூப்பிட்டதில் பெரிய ரகளை. அங்கே தாதா என்றால் அக்கா. அந்த விளக்கம் அம்மையாரை அடைவதற்குள் எச்சரிக்கைக் கடிதம் இவரை அடைந்துவிட்டது. அதன்பின் கடிகார விவகாரம். ஸ்வாஹிலிக்காரர்கள் விடியலிலிருந்து மணியை எண்ணுவார்கள். நமக்கு ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. ஜாம்போ தன் வாட்சை ஆறு மணி நேரம் திருப்பி வைத்துக்கொண்டார். பத்தரைக்குத் தாமதமாக வந்தவரை மேனேஜர் நிறுத்தி, "டைம் எந்த?" என்று தெலுங்கில் மணி கேட்டார். இவர் வாட்சைக் காட்டி, "நாலரை சார்" என்றார் பணிவாக. மேனேஜர் பொறுமைசாலி. "சரி, அந்தக் கணக்கில் லஞ்ச் ஏழு மணிக்கு. நீங்கள் நம் கடிகாரத்தில் ஏழு ஆனதும் சாப்பிடலாம்" என்றார். அன்று மாலையே வாட்ச் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டது.

கடைசியில் அந்த வங்கியிலிருந்து ஓர் அதிகாரி எங்கள் ஆபீசுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். ஜாம்போ கோட்டு போட்டு வந்திருந்தார். முன்னால் போய், "ஷிகாமூ!" என்றார். அது வயதில் சின்னவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்பது அதன் பொருள். ஜூமா வாரா வாரம் தனக்குச் சொல்வதைக் கேட்டு, அதுதான் உலகிலேயே உயர்ந்த மரியாதை என்று இவர் முடிவுகட்டியிருந்தார். வந்தவர் பதறிப் பின்வாங்கி, "நோ சார், நான்தான் உங்களுக்கு ஷிகாமூ!" என்றார். இவர் விடவில்லை. இருவரும் மாறி மாறிக் குனிய, எதற்கும் இருக்கட்டும் என்று மேனேஜரும் குனிந்து வைத்தார்.

பிறகு ஜாம்போ கேள்விகளை ஆரம்பித்தார். வீட்டில் என்ன செய்தி, பிள்ளைகளிடம் என்ன செய்தி, வேலையில் என்ன செய்தி, காலையில் எழுந்ததில் என்ன செய்தி. அந்த ஊரில் அப்படி எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் காரியம் பேசுவார்களாம். அதிகாரி உருகிப்போனார். ஜாம்போவின் கையை விடவே இல்லை. சாப்பாட்டுக்குப் பின் மேனேஜரிடம், "அருமையான மனிதர். ஆனால் எங்களுக்கு சாஃப்ட்வேரைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆளை அனுப்புங்கள்" என்றார்.

இருபத்து மூன்று வயது புரோகிராமர் ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜாம்போ அவனிடம் போய்த் தன் நோட்டை நீட்டினார்.

"வெச்சுக்கோ பா. உதவும்."

"அங்க இங்கிலீஷே போதும் சார்" என்றவன், அதை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு ஜாம்போ ஒரு வார்த்தை ஸ்வாஹிலி பேசவில்லை. டிபன் சென்டரில் "ரெண்டு கிச்சடி" என்று கேட்டபோது சர்வரே ஆடிப்போய், "தபியத் டீக் ஹை சாப்?" என்று உடம்பை விசாரித்தார். ஞாயிறு வகுப்புக்கும் போவதில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த அவர் மனைவி மூன்றாம் வாரம் வெடித்தார்.

"கம்பெனிக்காரன் மேல கோவம்னா அந்தப் பையன் கிட்ட ஏன் காட்றீங்க? போய் எட்டிப் பாத்துட்டு வாங்க."

போனார். ஜூமா பாயில் சுருண்டு, காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தான். வகுப்பு நண்பர்கள் விடுமுறைக்கு ஊர் போயிருந்தார்கள். ஜாம்போ அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். டெங்கு. நான் போய்ச் சேர்ந்தபோது பையன் டிரிப்ஸ் ஏறி மயக்கமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். இவர் பக்கத்து ஸ்டூலில் அவன் செருப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஏன் பிடித்திருந்தார் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஜூமாவின் செல்போன் அடித்தது. திரையில் 'மாமா' என்று பெயர். ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மா.

"சார், எடுங்க" என்றேன்.

"நக்கோ பா, வேணாம். தப்பா ஏதாச்சும் சொல்லிட்டா?"

போன் நின்று மறுபடி அடித்தது. எடுத்தார். மகன் போனே எடுக்காத பதற்றம் போலிருக்கிறது, அந்தப் பக்கம் அழுகையும் கேள்வியுமாகக் கொட்டியது. அந்த வேகத்தில் ஒரு சொல்கூட அவருக்குப் பிடிபடவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மாமா... ஷிகாமூ" என்றார்.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. "மராஹாபா" என்று, ஷிகாமூவுக்குப் பெரியவர்கள் சொல்லும் பதில் மெதுவாக வந்தது.

"ஜூமா... ம்ஸீமா" என்றார். நன்றாக இருக்கிறான். அது சரியாக வந்ததில் தைரியம் பிறந்து, சாப்பிடுகிறான் என்றும் சொல்ல நினைத்து, "ஜூமா சக்குலா!" என்றார்.

சக்குலா என்றால் சாப்பாடு. ஜூமா ஒரு சாப்பாடு என்று அவன் தாயிடமே அறிவித்திருக்கிறார். அந்தம்மா சிரித்தார். எனக்கே கேட்கும்படி சிரித்தார். சிரித்து முடித்ததும் மறுபடி அழுதார். அதைக் கேட்டதும் ஜாம்போவிடம் மிச்சமிருந்த ஸ்வாஹிலியும் தீர்ந்துபோனது.

"அழாதீங்கம்மா. புள்ள நல்லாருக்கான். நான் இருக்கேன்ல? எங்கயும் போவமாட்டேன்" என்றார் தமிழில், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் தமிழிலும் அந்தம்மா ஸ்வாஹிலியிலும் பத்து நிமிடம் பேசினார்கள். ஒருவருக்கொருவர் புரியவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அவன் ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் அந்தப் போன் வந்தது. ஜூமா கண் விழித்து உட்கார்ந்த பிறகும் அந்தம்மா முதலில் ஜாம்போவைத்தான் கேட்டார்.

ஒரு வருடம் கழித்து ஜூமாவின் அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. "என் தம்பியைக் கூட்டிக்கொண்டு வராவிட்டால் நீயும் வராதே" என்று மகனுக்கு அந்தம்மாவின் உத்தரவு. ஜாம்போ நாற்பத்தைந்து வயதில் பாஸ்போர்ட் எடுத்தார். மனைவி விமானம் என்றால் நக்கோ என்றுவிட்டு, ஊறுகாய் மட்டும் மூன்று பாட்டில் கொடுத்தனுப்பினார். மேனேஜர் இருபது நாள் லீவுக்கு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

பேகம்பேட் ஏர்போர்ட் வாசல் வரை நான் பெட்டியைத் தூக்கிப் போனேன். "நிக்காத பா, போய் வேலையப் பாரு" என்று அதட்டிவிட்டு, ஜூமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார், திரும்பிப் பார்க்காமல். எது அவர் ஏறிய விமானம் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மதியம் அடுத்தடுத்துக் கிளம்பிய மூன்று விமானங்களுக்கும் கையை ஆட்டிவிட்டுத்தான் ஆபீஸ் போனேன்.