உங்கள் அக்காவுக்கு நான் வாங்கிய மைக்

திருவல்லிக்கேணி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மைத்துனர் உமர் ஃபாரூக் அவர்களுக்கு, மெஹபூப் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே இருவருக்கும் உடம்பு நலம். மற்றதும் நலம் என்று எழுதப் பேனா மறுக்கிறது. ஆம்பூரில் தாங்களும் பிள்ளைகளும் சௌக்கியமென நம்புகிறேன். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் இந்த வீட்டில் எங்கே நின்று பேசினாலும் உங்கள் அக்கா காதில் விழும். ஹமீதுன்னிசா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

முப்பது வருஷம் தமிழ்ப்பாடம் நடத்திய அவள் குரல், பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் "சாப்பிட வாங்க", "கதவைச் சாத்துங்க" என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது உங்களுக்குத் தெரியும். போன வாரம் ஒலிப்புத்தகம் போடும் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே கதை வாசிக்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டாள். பத்துப் பக்கம் வாசித்துப் பதிந்து சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும், பின்னால் சத்தம் கேட்கக் கூடாது, செல்போனில் பதியக் கூடாது. ரெண்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் தம்பி இது. "ஒரு மைக் வேணும். ஒன்பதாயிரத்துக்கு மேல போகாதீங்க. நம்ம கம்ப்யூட்டர்ல சேருமான்னு கேட்டு வாங்குங்க" என்றாள். பொதுப்பணித்துறையில் சிமெண்டுக்குத் தரம் பார்த்தவனுக்கு மைக்குக்குத் தரம் பார்க்கத் தெரியாதா என்று கிளம்பினேன்.

வியாழனன்று ரிச்சி தெருவில், பாட்டுக்காரர்கள் பாடும் ஸ்டுடியோ மைக், எட்டாயிரம், ஊசி விழுந்தாலும் கேட்கும் என்றான் கடைக்காரன். வாங்கி வந்தேன். கேட்கத்தான் செய்யும், கம்ப்யூட்டரில் சொருக முடிந்தால்! அதன் வாயில் மூணு கம்பி, நம்ம கம்ப்யூட்டரில் அப்படி ஓட்டையே இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு ஓடினேன். "இதுக்கு நடுவுல ஒரு பொட்டி ஓணும் பெருசு. அது தனியா ஏழாயிரம்" என்றான். "இதை நேத்தே சொல்றதுக்கென்னப்பா?" "நீ எங்க நைனா கேட்ட?" கேட்கவில்லைதான். பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றவனிடம் ஒரு மணி நேரம் மன்றாடினேன். கடைசியில், "வூடு எங்க கீது?" என்றான். பைகிராப்ட்ஸ் ரோடு பக்கம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டான். "அந்த பஸ்ஸு ஆட்டோ சத்தத்துக்கு ஊசி விழறது கேட்டு இன்னா பண்ணப் போற? இத்த எட்த்துனு போ. கம்ப்யூட்டர்ல நேராச் சொருவலாம். வாய்கிட்ட வச்சிப் பேசுனா தூரத்துச் சத்தம் அவ்ளோவா ஏறாது." பழையதை வாங்கிக்கொண்டு, அதே விலையில் வேறு மைக்கோடு ஒரு ஹெட்போனையும் சேர்த்துக் கொடுத்தான்.

சனிக்கிழமை பீரோ கதவு இரண்டையும் திறந்து, வெளிச்சத்தம் வராதபடி மேலே பஞ்சு வைத்த ரஜாயைப் போர்த்தி, உள்ளே துணிகளைப் பார்த்தபடி அவளை உட்கார வைத்தேன். ஃபேன் கிடையாது, காற்றுச் சத்தம் ஏறும். முதல் தடவை வளையல் சத்தம், கழற்றினாள். இரண்டாம் தடவை கீழ்வீட்டு மிக்ஸி, நானே இறங்கிப்போய்க் கெஞ்சி நிறுத்தினேன். மூன்றாம் தடவை என்ன அழகாக வாசித்தாள் தெரியுமா, ஒன்பதாம் பக்கம், மணி மூணே முக்கால், நான் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கிறேன், என் சட்டைப்பையில் போன் அடிச்சுது. யார்னு நினைக்கிறீங்க? நீங்கதான் தம்பி! மாம்பழம் அனுப்பட்டுமான்னு கேக்க! ரஜாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்வை. "நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதும்" என்றாள். அவ்வளவுதான். வெளியே போய் நின்றேன், உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தெருவில் ஒவ்வொரு ஆட்டோவாகக் கைகாட்டி "ஹாரன் அடிக்காதப்பா" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். நாலு அம்பத்தஞ்சுக்குக் கதவு திறந்தது. அனுப்பிவிட்டாளாம். அதையும் கீழ்வீட்டம்மா சொல்லித்தான் தெரிந்தது.

இன்னும் பதில் இல்லை. கிடைக்காமல் போனால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? ஞாயிறன்று கட்டாயம் வாருங்கள். போன் செய்தது உங்கள் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். போகும்போது அந்த மைக்கை எடுத்துப் போய்விடுங்கள், என் கண்ணில் படவே வேண்டாம். தங்கள் வியாபாரத்தில் பரக்கத் பெருகவும், பிள்ளைகள் நன்றாகப் படிக்கவும் துஆ செய்கிறேன்.

இப்படிக்கு,
மனம் ஒடிந்த
மெஹபூப் அலி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கம்பெனியிலிருந்து போன். அக்காவை எடுத்துக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்! தி.நகரில் அவர்களுக்கே ஏசி போட்ட அறை இருக்கிறதாம், அங்கே வந்து வாசியுங்கள், ஒரு சாமானும் வேண்டாம் என்றார்கள். "இல்லைங்க, வீட்டுலயே நல்ல மைக் இருக்கு. எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் அலைஞ்சு வாங்கினது. இங்கேயே வாசிக்கிறேன்" என்றாள். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இன்னும் எத்தனை நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு பேசாம இருப்பீங்க?" என்று கேட்டாள். நானா தம்பி பேசாமல் இருந்தேன்? ஆகவே மைக்கை எடுக்க வர வேண்டாம். பிரியாணி சாப்பிட வாருங்கள். மூன்று மணிக்குள் கிளம்பிவிட வேண்டும், அக்காவுக்கு வேலை இருக்கிறது.