இருபது மீட்டர் அண்ணை

அன்று காலை ஆறு பத்துக்குக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு பச்சைத் தொப்பி. அதற்குக் கீழே, ஹங்கேரியில் இருக்கவேண்டிய இருபது மீட்டர் அண்ணை நின்றார்.

டோர்ட்மண்ட் தமிழரில் வில் பிடித்தவர் அவர் ஒருவர்தான். உலகத்திலேயே எதையும் கொல்லாத ஒரே வேட்டைக்காரரும் அவராகத்தான் இருக்கவேண்டும். கிழமை நாட்களில் பீட்சாக்கடை அடுப்படி; ஞாயிறு காடு. ஜெர்மனியில் அம்பால் வேட்டையாடச் சட்டம் இடம் தராது. ஆகவே வில்வித்தைச் சங்கத்தார் மரங்களுக்கிடையே ரப்பர் மான்களை நிறுத்தி எய்வார்கள்.

மானிலிருந்து முப்பத்தைந்து மீட்டரில் ஒரு கட்டை நட்டிருக்கும். அங்கே நின்று எய்வது விதி. அண்ணை கட்டையைத் தாண்டிப் போய், மானுக்கு இருபது மீட்டரில்தான் வில்லை வளைப்பார். எல்லாப் போட்டியிலும் புள்ளி பூச்சியம்.

"அண்ணை, அது ரப்பர் மான்."

"எனக்குத் தெரியும் தம்பி. கைக்குத் தெரியாது. ரப்பருக்குத் தூர நிண்டு விட்டுப் பழகினால் உயிருக்கும் அப்பிடித்தான் விடும்."

"மற்றவை நாற்பதிலையும் அடிக்கினமே?"

"படும். எங்கை படும்? நாண் சத்தம் அம்புக்கு முதல் போயிடும், மான் துள்ளும். நெஞ்சுக்கு விட்டது குடலிலை ஏறும். அது பத்தைக்குள்ளை கிடந்து ரெண்டு நாளாய்ச் சாகும். நீங்கள் வீட்டை வந்து சோறு சாப்பிடுவியள்."

இந்த விதியை அவர் மனிதருக்கும் வைத்திருந்தார். முக்கியமான எதையும் தொலைபேசியில் சொல்லமாட்டார். "ஒரு விசயம் இருக்கு, நேரை வாறன்" என்று வைத்துவிடுவார். நாம் பதறிக் காத்திருப்போம். ட்ராம் பிடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றி, முழங்கால் முட்டும்வரை கதிரையை இழுத்துப் போட்டு, "போன கிழமை தந்த மீன்குழம்பு... புளி கூட" என்பார்.

"இதைப் போனிலை சொல்லியிருக்கலாமே அண்ணை!"

"போனிலை சொன்னால் உங்கட மனிசியின்ரை முகம் எப்பிடிப் போச்செண்டு எனக்குத் தெரியாதே!"

ஹங்கேரியில் வில்வேட்டைக்கு அனுமதி உண்டு. ஒரு செம்மானை, கிட்ட வைத்து, ஒரே அம்பில்: அவருக்கு இருந்த ஒரே ஆசை அது. பல வருடப் பயிற்சிக்குப் பிறகு அந்த இலையுதிர் காலத்தில், சங்கத்து நண்பர் ஊவேயுடன் புறப்பட்டார். கிளைக்கொம்பு மான் ஒன்று தினமும் வந்து, அவர் ஏறிக் காத்திருந்த வேட்டைப் பரணுக்கு நாற்பது மீட்டரில் நின்று மேய்ந்துவிட்டுப் போனது. ஊவே தலையில் அடித்துக்கொண்டாராம். அண்ணை வில்லைத் தூக்கவில்லை. வேட்டைக்கு ஒரு காலைதான் மிச்சம் இருந்தது.

அந்தக் காலையில்தான் அவர் என் வாசலில் நின்றார்.

"என்ன அண்ணை, மான் துரத்திப்போட்டுதோ?"

அவர் சிரிக்கவில்லை. ரயில் மாறி மாறி இரவெல்லாம் வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றினார். கதிரையை இழுத்துப் போட்டார். முழங்கால் முட்டியது. என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வன்னியிலையிருந்து நேற்று எனக்குப் போன் எடுத்தவை. உங்களுக்குப் போனிலை சொல்ல வேண்டாம், நான் நேரை போறன் எண்டனான். உங்கட தம்பியார்... செல்குண்டு விழுந்தது. உடனை முடிஞ்சுதாம். கிடந்து வேதனைப்படேல்லை."

நான் கையை விடும்வரை அவரும் விடவில்லை.

அதே காலையில் அந்த மான், ஆளில்லாத அவருடைய பரணிலிருந்து பதினைந்து மீட்டரில், பக்கவாட்டாக வந்து நின்றதாக ஊவே பிறகு சொன்னார்.