சோதனைக்காகத் திட்டியவர்கள்

அன்பும் மதிப்பும் கலந்த என் அக்காவுக்கு, உன் தம்பி எழுதுவது. நானும் என் வீட்டுக்காரியும் நலம். அத்தானின் முழங்கால் வலி குறைந்து, அவர் உன் துணை கேட்காமலே மாடிப்படி ஏறும் நிலைக்கு வந்திருப்பார் என்று நம்புகிறோம். இங்கே நலமில்லாமல் இருந்தது எங்கள் கணினி நண்பர்கள் கூட்டத்தின் நடத்தை விதிகள்தான். அவையும் இப்போது குணமாகிவிட்டன. அதைச் சொல்லவே இக்கடிதம்.

போன மாதம் நீ தொலைபேசியில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "என் பொண்ணு அங்க பேசப் போயி, பாதியில கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்திருக்கா. இனிமே அந்தக் கூட்டத்துல வாயே திறக்க மாட்டாளாம். நீ அங்கதானேடா இருந்தே? பிடிச்சு வெச்ச மாதிரி உக்காந்திருந்தியா?" உட்கார்ந்துதான் இருந்தேன், அக்கா. பழைய ஒலிப்பதிவுகளில் உள்ள இரைச்சலை நீக்கித் தரும் மென்பொருளைப் பற்றிச் சின்னவள் பேசிக்கொண்டிருந்தாள். அவளை நான்கு இடங்களில் மறித்து, கடைசியில் மேடையில் தானே ஏறி மீதியைச் சொல்லி முடித்தவரை நாங்கள் இல்லையண்ணன் என்று கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் "இல்ல" என்று ஆரம்பிப்பார். மழை பெய்கிறது என்றால் "இல்ல, நல்லாவே பெய்யுது" என்பார். மனிதர் கெட்டவரல்லர். வாயை மூடுவதற்கு மட்டும் அவருக்கு வழி தெரியாது.

அவளைத் திரும்ப அழைத்துவருவது என் பொறுப்பு என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன் அல்லவா? எங்களிடம் இருந்த ஒரே விதி, 'அனைவரும் நல்லபடியாக நடந்துகொள்ளவும்' என்பது. அதை யாரும் மீறியதே இல்லை, ஏனென்றால் அதற்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. பணிக்காலம் முழுவதும் அலுவலக விதிகளை எழுதியே ஓய்வு பெற்றவன் நான். ஒரு வாரம் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். பேசுகிறவரை மறிக்கக் கூடாது, பிறர் வேலையை ஏளனம் செய்யக் கூடாது, கேள்வி கேட்பதாக எழுந்து சொந்தக் கதை சொல்லக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது. மீறினால் மூன்று மாதம் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. என்னையே விதிக்காவலராகவும் நியமித்தார்கள். படித்துக் காட்டியதும் கைதட்டினார்கள். அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் எழுந்து, "ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா. ஆனா சோதிக்காம வெளியிட முடியாது" என்றார். இவர்கள் எந்த மென்பொருளையும் முதலில் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுப்பார்கள். "விதியை எப்படிங்க சோதிக்கிறது?" என்றேன். "மீறிப் பாக்கணும். தண்டனை சரியா வந்து விழுதான்னு தெரியணும்ல?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அப்போது அது நியாயமாகவே பட்டது, அதுதான் கொடுமை.

ஏளனம் செய்யும் வேலையை, வங்கியில் வேலை பார்க்கும் எங்கள் உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்தோம். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கும் ஆள். "எனக்கு அதெல்லாம் வராதுங்க" என்று நெளிந்தவர், இல்லையண்ணனைப் பார்த்து மெதுவாக ஆரம்பித்தார். "அண்ணே, நீங்க எழுதின நிரலைப் படிச்சேன். படிச்சிட்டுப் போயி கையைக் கழுவினேன். அப்பவும் மனசு ஆறல, குளிச்சேன்."

"இல்ல, இது சோதனைக்குத்தானே?"

"சோதனைதாண்ணே. ஆனா நாலு வருஷமா மனசுல இருக்கு."

அப்புறம் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை அக்கா, இல்லையண்ணன் குரலை உயர்த்தினார், அது ஒரு விதி போச்சு, அவரைச் சமாதானப்படுத்த எழுந்த ஒருங்கிணைப்பாளர் "இப்படித்தான் நான் காலேஜ்ல படிக்கும்போது" என்று சொந்தக் கதையை எடுத்துவிட்டார், அது இன்னொண்ணு, அவரை மறிச்சு ரெண்டு பேர் பேசினாங்க, அந்த ரெண்டு பேரையும் மறிச்சு மிச்சப் பேர் எல்லாரும் பேசினாங்க. நான் காவலர் இல்லையா, ஒவ்வொருத்தரா வெளியே அனுப்பிட்டே இருந்தேன். "சோதனை பண்ணினவங்களுக்கு விலக்கு கொடுங்கய்யா" என்று வாசலில் நின்று கேட்டார்கள். விலக்கு கொடுக்க உறுப்பினர்கள் கூடி வாக்களிக்க வேண்டும். உறுப்பினர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள்.

ஆக, விதிகள் அனைத்தும் சோதனையில் பழுதின்றித் தேறிவிட்டன. இன்று இந்த மாதக் கூட்டம். அறையில் நாற்காலிகளும் நானும் மட்டும் இருக்கிறோம். யாரும் யாரையும் மறிக்கவில்லை, ஏளனமில்லை, மின்விசிறிகூட அடக்கமாகச் சுற்றுகிறது. இவ்வளவு கண்ணியமான கூட்டத்தை நான் கண்டதில்லை. எனவே சின்னவளை அடுத்த மாதம் தைரியமாக அனுப்பி வை. அவள் பேசி முடிக்கும்வரை ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். இதற்கு உன் தம்பி உத்தரவாதம்.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு மாமாவின் ஆசி. அவள் நாவும் அறிவும் என்றும் தடையின்றி ஓடட்டும்.

உன் அன்புத் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நான் வெளியே அனுப்பிய அத்தனை பேரும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேல்படியில் மடிக்கணினியோடு நின்று உன் மகள் பேசிக்கொண்டிருக்கிறாள். உன்னிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. இல்லையண்ணன் எழுந்து "இல்ல" என்றார். "உக்காருங்கண்ணே, நான் இன்னும் முடிக்கல" என்றாள். உட்கார்ந்துவிட்டார், அக்கா. நானும் ஓரமாக ஒரு படியில் இடம் தேடினேன். அவள் பேச்சை நிறுத்தி, "மாமா, நீங்க உள்ளயே இருங்க. காவலர் நீங்க வந்தா இதுவும் விதிப்படி நடக்குற கூட்டமாயிடும்" என்றாள். கதவைச் சாத்திவிட்டு வந்து இதை எழுதுகிறேன். மேலே நான் கொடுத்த உத்தரவாதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.