இவர் என் துணை, பின்னால் வருவது லாரி

குடிமக்கள் கண்ட கண்ட காணொளியைப் பார்த்துக் கெட்டுப்போகக் கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தோடு அந்த ஊரில் காணொளித் தரநிர்ணய வாரியம் என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள். மூன்று மாடிக் கட்டடம், லிஃப்ட் ஓடாது. அங்கே இருந்த அதிகாரிகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஊர் பார்க்கக் கூடாத அத்தனையையும் தாங்களே கண் எரிய எரியப் பார்த்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். தியாகம் என்றால் அதுதான் தியாகம்.

அந்த வாரியத்தின் கண்ணில் போய் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் விழுந்தார். விழுந்தவர் சும்மா எழுந்து வர முடியுமா?

மாஸ்டரிடம் இருந்தது ஒரே ஒரு பழைய கார். கூரைமேல் 'பயிற்சி வண்டி' என்று ஒரு பலகை, பக்கத்து சீட்டில் மாஸ்டரின் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக். ஊரில் பாதிப் பேர் அந்த இரண்டாவது பிரேக்கின் புண்ணியத்தில்தான் உயிரோடு நடமாடினார்கள். அவரோடு பல வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவர் பல்செட் செய்கிறவர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் ஊருக்கே அவர் பெயர் கண்ணாடி. பல் வேலையில் மயிரிழை பிசகாத மனுஷன்தான். ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் கை தந்தியடிக்கும்.

ஒருநாள் மாஸ்டர் செல்போனை வண்டிக்குள் நிமிர்த்தி வைத்து, கண்ணாடியை ஓட்ட உட்காரவைத்து, உலகத்தைப் பார்த்துச் சொன்னார்: "வணக்கம். இவர் என் துணை. காதலிச்சு ஒண்ணா வாழறோம். பின்னால வர்றது லாரி. லாரிக்கு எப்படி வழி விடறதுன்னு இப்பப் பார்ப்போம்."

அறிவிப்பு அவ்வளவுதான். மீதி நேரம் முழுக்க லாரியைப் பற்றித்தான்.

'மெதுவாப் போ' என்ற அந்தச் சேனல் எப்படியோ பிடித்துக்கொண்டது. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களை விட, இவர்கள் சண்டையைக் கேட்க வந்தவர்கள்தான் அதிகம்.

"யோவ், வண்டியை நான் ஓட்டறேனா, நீ ஓட்டறியா? எதுக்கு நடுவுல பிரேக்கை மிதிக்கறே?"

"நீ ஓட்டற லட்சணத்துக்குத்தான். எதிர்ல இருக்கறது சுவரு. ஹாரன் அடிச்சா நகராது."

"காலையில பால் வாங்கிட்டு வரச் சொன்னேன், மறந்துட்டே. சுவரு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கோ?"

கண்ணாடிக்கு வருஷக்கணக்கில் ரிவர்ஸ் வரவில்லை. ரிவர்ஸ் வராத அத்தனை ஜனங்களும் அதைப் பார்த்து ஆறுதலடைந்து, மாஸ்டரிடமே வந்து சேர்ந்தார்கள். ஸ்கூல் நிரம்பி வழிந்தது.

நன்றாகப் போகிற வண்டியைப் பார்த்தால் நம்மவர்களுக்குக் கை அரிக்குமே! எதிர்வீட்டுக்காரர் வாரியத்துக்கு ஒரு புகார் எழுதினார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய மனிதர். ஒரு காணொளி விடாமல் பார்த்தவர், சிலவற்றை இரண்டு தடவை. "இவ்விருவரும் சேர்ந்து வாழ்வதைக் கண்டால் இளம் உள்ளங்கள் கெடும் என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேலும், இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தும் பாடம் சரியாக விளங்கவில்லை. மறுபடி நடத்த உத்தரவிடவும்" என்று முடித்திருந்தார்.

மறுநாள் 'மெதுவாப் போ' மேல் கறுப்புத் திரை விழுந்தது. திரையில் எழுதியிருந்தது: வயது வந்தோருக்கு மட்டும்.

பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள், மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. இதுவரை எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு ஆவலோடு திரையை விலக்கினார்கள். உள்ளே கியர் மாற்றுவது எப்படி என்று ஒருத்தர் விளக்கிக்கொண்டிருந்தார். ஏமாந்தவர்கள் வசை எழுதினார்கள். "அந்த மாதிரி வீடியோ போடறவர்கிட்டயா பொண்ணை அனுப்பறது?" என்று பெற்றவர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். "எந்த மாதிரி?" என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பயிற்சி வண்டி வாசலில் தூங்கியது. அதை விற்றுவிட்டு எங்காவது டிரைவர் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்ற நிலைமை வந்துவிட்டது.

மாஸ்டர் மூன்று மாடி ஏறினார்.

"சார், வண்டி ஓட்டவே வயசு வந்திருக்கணும். என் பாடத்துக்கு எதுக்கு சார் தனியா ஒரு திரை?"

தரநிர்ணய அதிகாரி மிகவும் தன்மையானவர். எதையும் செய்யாதவர்களுக்கே உரிய தன்மை அது. "உங்க கஷ்டம் புரியுது. ரெண்டு வழி இருக்கு. நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பின்னு எழுதிக் கொடுங்க. திரையை இப்பவே எடுத்துடறேன்."

"நாங்க அண்ணன் தம்பி இல்லியே."

"அதை நான் கேக்கலியே. எழுதிக் கொடுங்கன்னுதானே சொன்னேன்."

"ரெண்டாவது வழி?"

அதிகாரி முகம் மலர்ந்தார். "புதுத் திட்டம்! 'வண்ணப் படைப்பாளி' அங்கீகாரம். உங்களை மாதிரி ஆளுங்களை இப்ப எல்லா ஊர்லயும் கொண்டாடறாங்க. நாமளும் கொண்டாடலைன்னா நல்லா இருக்காது. குழு வந்து பார்த்து, நீங்க அசல்னு சான்று கொடுத்தா திரை போயிடும், பதக்கமும் உண்டு."

வீட்டுக்கு வந்து சொன்னதும் கண்ணாடி நீண்ட நேரம் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். "நான் வீடியோவுல வர்றதை நிறுத்திக்கறேனே. நான் இல்லாட்டி திரையும் இருக்காது. உன் பொழைப்பாவது ஓடும்."

"ஓட்டத் தெரியாதவன் இல்லாம டிரைவிங் ஸ்கூலா? வாயை மூடு" என்றார் மாஸ்டர். "நீ இல்லாத வண்டி எனக்கு எதுக்குய்யா?"

குழு வந்தது. தரநிர்ணய அதிகாரியும், நவநாகரிகம் தெரிந்த ஒரு ஆலோசகியும். ஆலோசகி வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாற்காலி, மின்விசிறி, கொடியில் காயும் பனியன்கள், மேஜைமேல் வாயைத் திறந்துகொண்டு நான்கு பல்செட்.

"கலரே காணோமே?" என்றார்.

"போன வருஷம்தான் வெள்ளையடிச்சோம்."

"இல்ல... உங்க டிரெஸ், நடை, பேச்சு, எதுலயும் ஒரு இது தெரியலையே. டான்ஸ் ஆடுவீங்களா?"

"எனக்கு முட்டி வலி" என்றார் மாஸ்டர். "இவருக்கு வெட்கம்."

"போகட்டும். உங்க போராட்டத்தைச் சொல்லுங்க. நல்லா அழற மாதிரி."

மாஸ்டர் யோசித்தார். "மேட்டுல வண்டி நின்னு போச்சுன்னா கிளப்பறதுதான் பெரிய போராட்டம்."

ஆலோசகி பெருமூச்சு விட்டார். "சரி, வீட்டை விட்டுத் துரத்தினாங்களா? அம்மா அழுதாங்களா? அதாவது இருக்கா?"

அந்த நேரம் பார்த்து மாஸ்டரின் அம்மா கூடையோடு உள்ளே நுழைந்தார். மகனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "மாப்ளே, மேல்வரிசைப் பல்லு ஆடுது, கொஞ்சம் பாருங்களேன்" என்று பல்செட்டைக் கழற்றிக் கண்ணாடி கையில் கொடுத்தார்.

ஆலோசகி வெறுத்துப்போனார். "அம்மா, ஒரு ரெண்டு நிமிஷம் மட்டும் இவங்களை வீட்டை விட்டு வெளிய போன்னு சொல்ல முடியுமா? வீடியோவுக்குத்தான்."

"யாரை? மாப்ளயையா?" அம்மா பல்லில்லாத வாயால் கேட்டார். "அவரு போயிட்டா என் பல்லை யாரு பார்ப்பா, நீ பார்ப்பியா? சொந்தப் பையன் பால் வாங்கக்கூடத் துப்பில்லாதவன். அவனை வேணும்னா கூட்டிட்டுப் போ."

முடிவு மேளதாளம் இல்லாமல் வந்து சேர்ந்தது. "மேற்படி இருவரும் எல்லாத் தம்பதிகளையும் போலவே சண்டையிடுவதும், மாமியாரால் ஏற்கப்பட்டிருப்பதும் ஆய்வில் நிரூபணமானபடியால், இவர்கள் வித்தியாசமானவர்கள் எனச் சான்றளிக்க இயலவில்லை." பதக்கம், ஏழு நிறத்தில் தலைமுடி வைத்து நன்றாக அழத் தெரிந்த ஒரு நாடக நடிகருக்குப் போனது. அவருக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு. பார்க்க அசலாக இருந்தார், அதுதானே முக்கியம்!

வித்தியாசமானவர்கள் இல்லையென்றால் திரையை எடுக்கலாமே என்று மாஸ்டர் மறுபடி மாடி ஏறினார். "வித்தியாசம் இல்லைன்னு சொன்னது வேற பிரிவு. திரை போட்டது வேற பிரிவு" என்றார் அதிகாரி, அதே தன்மையோடு.

ஆனால் அதே கட்டடத்தில் கீழ் மாடியில் குடும்ப மேம்பாட்டுத் துறை இருந்தது. 'சிறந்த குடும்பக் காணொளி' விருதுக்குத் தகுந்த ஆள் கிடைக்காமல் அவர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். வந்ததெல்லாம் மாமியார் மருமகள் குத்துவெட்டு. அப்போது 'மெதுவாப் போ' அகப்பட்டது. ஒருத்தர் கற்றுக்கொடுக்கிறார், ஒருத்தர் பணிவாகத் திட்டு வாங்குகிறார். முதல் காணொளியின் முதல் வரியை யாரும் கேட்கவில்லை; அரசாங்கத்தில் எதையும் முதலிலிருந்து கேட்கிற வழக்கம் கிடையாது. அண்ணன் தம்பி என்று அவர்களே முடிவுகட்டி, விருதை அறிவித்தார்கள். விருது வாங்கினால் திரை தானாக எடுபடும்.

உலகத்துக்கே துணிந்து சொன்ன மாஸ்டர் இந்த முறை துவண்டு போயிருந்தார். "ஒரு சாயங்காலம் வாயை மூடிட்டு இருந்துட்டு வந்துடலாம்யா. நாமளா எதுவும் எழுதிக் கொடுக்கலியே. ஸ்கூல் பொழைச்சுக்கும்."

"சரி" என்றார் கண்ணாடி.

விழா அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் மாஸ்டரின் அம்மா, புதுப் பல்லோடு. ஒரு வரிசை தள்ளி எதிர்வீட்டுக்காரர். இலவச நிகழ்ச்சி எதையும் அவர் விடுவதில்லை. துறை அதிகாரி கேடயத்தைக் கொடுத்துவிட்டு, "அண்ணனைப் பற்றித் தம்பி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்" என்று கண்ணாடி கையில் மைக்கைத் திணித்தார்.

மைக் தந்தியடித்தது. மேடையில் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

"எங்க அண்ணன் வெளியூர்ல இருக்கார்" என்றார் கண்ணாடி. "அவரோட பேசியே நாலு வருஷமாச்சு, ஒண்ணும் ஆகலை. இவரோட நாலு மணி நேரம் பேசாம இருக்க என்னால முடியாது. இவர் என் அண்ணன் இல்லீங்க. நாங்க காதலிச்சு ஒண்ணா வாழறவங்க. முதல் வீடியோவுலயே சொல்லியிருக்கோம், லாரிக்கு முன்னால."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார், கண்ணில் நீர் நின்றதால். ஓட்டத் தெரியாத மனுஷன் மேட்டில் நின்ற வண்டியைத் தனியாகக் கிளப்பிவிட்டாரே!

"அதான் சொல்லிட்டாருல்ல, கை தட்டுங்களேன்!" என்று அம்மாவின் குரல் கேட்டது. பழக்கதோஷத்தில் எல்லோரும் தட்டிவிட்டார்கள்.

கீழ் மாடிக்கும் மேல் மாடிக்கும் நடுவே படிக்கட்டில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கொடுத்த விருதைத் திரும்ப வாங்க விதி இல்லை. போட்ட திரையை எடுக்க மேல் மாடிக்கு மனம் இல்லை. ஒரே காணொளி அரசாங்க முத்திரையோடு குடும்பக் காணொளியாகவும் இருக்கிறது, வயது வந்தோருக்கானதாகவும் இருக்கிறது. அரசாங்கம் தனக்குத்தானே முரண்படலாமா? ஆகவே தீர ஆலோசித்து ஆணை பிறந்தது: "முரண்பாட்டைக் களையும் பொருட்டு, இன்று முதல் குடும்பம் சம்பந்தப்பட்ட அனைத்துக் காணொளிகளும் வயது வந்தோருக்கு மட்டும் என வகைப்படுத்தப்படுகின்றன."

கல்யாணங்கள் மேல் திரை விழுந்தது. குழந்தை தவழ்வது, அப்பா முதுகில் யானைச் சவாரி, பள்ளிக்கூட ஆண்டு விழா, அத்தனையும் கறுப்புத் திரைக்குப் பின்னால் போயின. ஏழு நிறத் தலைமுடிக்காரரின் காணொளிகளில் மட்டும் குடும்பமே தென்படாததால், அவை சிறுவர்கள் பார்க்கத் தக்கவை என்று அறிவிக்கப்பட்டன. ஊர் ஒரு வாரம் குய்யோ முறையோ என்று கத்தியது. பிறகு எல்லார் வீட்டிலும் திரை தொங்கினால் யாரைப் பார்த்து யார் முகம் சுளிப்பது? பிள்ளைகள் மாஸ்டரிடம் திரும்ப வந்தார்கள்.

ஒருநாள் எதிர்வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"தம்பி, வெளியூர்ல என் பேத்திக்கு முதல் பிறந்தநாள். பொண்ணு வீடியோ போட்டிருக்கா. திறக்க மாட்டேங்குது. இப்பல்லாம் திரையை விலக்கணும்னா வயசு வந்தவன்னு நிரூபிக்கணுமாம். பென்ஷன் புத்தகம் செல்லாதாம், என் பொறந்த தேதிக்கு வேற ஆதாரம் ஏது? அப்பா அம்மாவை நேர்ல கூட்டிட்டு வரச் சொல்றாங்க. அவங்களுக்கு நான் எங்க போவேன்?"

"பேத்தி பார்க்கலாமா?" என்று கண்ணாடி கேட்டார்.

"அவளுக்குப் பதினெட்டு வயசானதும் அவ பிறந்தநாளை அவ பார்த்துக்கலாமாம்." கிழவர் குரல் உடைந்தது. "எந்தப் பாவி எழுதின புகாரோ!"

மாஸ்டரும் கண்ணாடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் பின்கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்க, வாரியத்துக்குப் போய்க் கேட்டுப் பார்ப்போம்."

கண்ணாடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். மாஸ்டர் வழக்கம்போல செல்போனை நிமிர்த்தி வைத்தார்.

"வணக்கம். இவர் என் துணை. பின்னால இருக்கறவர் எதிர்வீட்டுக்காரர். வயசு வந்தவர்னு இன்னும் நிரூபணமாகலை. இப்ப ரிவர்ஸ் எடுக்கறது எப்படின்னு பார்ப்போம்."