கேமராவுக்கு நம்பர் பார்த்தவர்

இந்த மாதம் எப்படியும் புது கேமரா வாங்கியே தீருவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். ஊரில் பாதிப்பேர் கண்ணுக்கு நம்பர் பார்த்துச் சொன்ன மனிதர். மனைவியின் மனசுக்கு மட்டும் இன்றுவரை நம்பர் பிடிபடவில்லை.

"இருக்கிற கேமராவே பீரோவுல தூங்குது. இன்னொன்னு எதுக்கு?" என்றாள் அவள், தையல் மெஷினை நிறுத்தாமலே.

"அதுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சும்மா."

"என்ன வியாதி?"

"வியாதி இல்ல, வயசு. உள்ளே ஷட்டர்னு ஒரு கதவு இருக்கு. படத்துக்கு ஒருதரம் திறந்து மூடும். லட்சம் தடவை ஆச்சுன்னா எந்த நிமிஷமும் மண்டையைப் போட்டுடும். நம்மளது லட்சத்தைத் தொட்டாச்சு."

"அடப்பாவமே! யாரு எண்ணினா?"

"கேமராவே எண்ணி வச்சுக்கும்."

"எங்க பார்க்கிறது?"

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் மெக்கானிக்குக்குத்தான் தெரியும்."

"இல்லையே, கடைசியா எடுத்த படத்துக்குள்ளேயே இருக்குமாமே? இன்டர்நெட்டுல போட்டா எண்ணிக்கையைக் காட்டிடும். என் தம்பி அவன் கேமராவை விக்கறப்போ அப்படித்தான் பார்த்தான். நாளைக்குச் சாயங்காலம் பார்த்துடலாம்."

மறுநாள் காலை கடைக்காரர் கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு குளியலறைக்குள் புகுந்தார். உண்மையான எண்ணிக்கை மூவாயிரத்துச் சொச்சம் என்று அவருக்குத் தெரியும். லட்சமாவது மண்ணாவது, ஏற்றுகிறவரை ஏற்றுவோம் என்று குழாயைத் திறந்துவிட்டு, பக்கெட்டைக் குறிவைத்து, பொத்தானை அமுக்கிப் பிடித்தார். டர்ர்ர்ர் என்று பொரிந்து தள்ளியது கேமரா.

"என்னங்க, உள்ள என்ன சத்தம்?"

"பல்லு விளக்கறேன்!"

"மெஷின் வச்சா?"

விரல் மரத்துப்போய், பேட்டரிக்குக் கண் சொருகும்வரை சுட்டார். பிறகு பக்கெட்டுகளையெல்லாம் அழித்துவிட்டு, சந்தேகம் வராமலிருக்க ஜன்னலோர ரோஜாவை மட்டும் ஒரு படம் எடுத்து வைத்தார். பக்கெட் நிரம்பி வழிந்து கால் நனைந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சாயங்காலம் மனைவி ரோஜாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். "ஒன்பதாயிரத்து நானூறு. லட்சம் இல்லையே?"

"ஒரு... சைபர் கூடச் சொல்லிட்டேன் போல."

"அது போகட்டும். நீங்க புது கேமரா விளம்பரத்தை வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்த்தப்பவே நான் ஒருதரம் பார்த்து வச்சேன். அப்போ மூவாயிரத்து நூறுதான். அதுக்கும் இன்னிக்கும் நடுவுல ஆறாயிரம் படம் எதைங்க எடுத்தீங்க? பல்லையா? பல்லுக்கு இருநூறு வருதே!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஆசை விடுமா?

"சரி, ஒன்பதாயிரம்னா புதுசு மாதிரிதானே! நல்ல விலைக்குப் போகும். இதை வித்துட்டு..."

"புதுசு மாதிரி இருக்கறதை யாராவது விப்பாங்களா?" என்று அவள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "எனக்கு ரொம்ப நாளா ஆசை. எப்படி எடுக்கறதுன்னு சொல்லிக் குடுங்க."

வேறு வழி? சொல்லிக்கொடுத்தார். முதல் வாரம் அவள் தைத்த ஜாக்கெட்டுகளை எடுத்தாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தையை எடுத்தாள். குழந்தை படத்துக்குள்ளிருந்தே கூப்பிடுவதுபோலச் சிரித்தது. இத்தனை வருஷமும் தான் எடுத்த ஒரு படமும் அப்படிச் சிரித்ததில்லை என்பது கடைக்காரருக்கு உறைத்தது. கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டாமலும் இருக்க முடியவில்லை.

அதைப் பார்த்த எதிர்வீட்டார் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளிச்சம் திருப்ப ஒரு பெரிய வெள்ளை அட்டையைத் தூக்கிக்கொண்டு இவரும் போனார். நல்ல சட்டை, புதுக் கண்ணாடி, மிடுக்கான நடை.

மாப்பிள்ளையின் அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சார்தான் போட்டோகிராபரா?"

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். மனைவி கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"அவர் என் வீட்டுக்காரருங்க. என்னங்க, அட்டையை இன்னும் கொஞ்சம் மேல பிடிங்க, உங்க தலை தெரியுது."