அவர் வாக்கு, அவர் வாசலிலேயே

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நாங்கள் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும், என் மருமகளும், நான் இன்னும் கையில் தூக்கிப் பார்க்காத என் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "தெருமுனைச் சாக்கடைப் பாலம் உடைஞ்சு கிடக்கிற வரைக்கும் கைக்குழந்தையை அனுப்ப மாட்டேன், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ்கூட உள்ள வராது" என்று போனில் சொன்னீர்கள். நியாயம்தான். ஆனால் இனி அந்தக் கவலை வேண்டாம். பாலம் வருகிறது! இன்று வேலை ஆரம்பம்! சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். கவுன்சிலர் தம்பிக்கு ஓட்டுக் கேட்டது நாங்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மைக்செட் என்னுடையது, தொண்டையும் என்னுடையது. தெருக்குழுத் தலைவி டெய்லரக்கா தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். தம்பி ஜெயித்தார். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்பார்களே, இவருக்கு ஆறுகூடத் தேவைப்படவில்லை, சாக்கடையே போதுமாயிருந்தது.

சொன்ன பாலம் எங்கே என்று கேட்டே தீர்வது எனக் கூட்டமாக அவர் ஆபீசுக்குப் போனோம். அங்கேதான் மானம் போயிற்று. அவர் வெளியே வந்ததும், பழக்கதோஷம், பின்னாலிருந்தவர்கள் எல்லோரும் "வாழ்க!" என்று கத்திவிட்டார்கள். நான் அதட்டிக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், சம்பந்தி, சத்தியமாக! "உங்கள் வீட்டுப் பிள்ளை, உழைப்புக்கு இல்லை எல்லை" என்று வந்துவிட்டது. அவர் கண்கலங்கி, "உங்க அன்பு போதும்ணே" என்று கைகூப்பிவிட்டுக் காரில் ஏறிப் போயே விட்டார். வீட்டுக்கு வந்தால் என் மனைவி, "நல்லாக் கேட்டீங்க போங்க! பேத்தியை அவ காலேஜ் போறப்ப பாத்துக்கலாம்" என்றாள்.

டெய்லரக்காதான் வழி சொன்னார். "நமக்குத் திட்ட வராதுண்ணே. வராத வேலை எதுக்கு? ஓட்டுக் கேட்ட மாதிரியே போவோம். அதே ஆட்டோ, அதே மைக். பேச வேண்டியதை அவரே பேசட்டும்." பிரச்சாரத்தில் அவர் பேசிய பேச்சு என் பென் டிரைவில் அப்படியே இருந்தது. மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, ஒலிபெருக்கியை மாடிப் பக்கம் திருப்பினேன். "ஆறே மாசத்துல பாலம்! இல்லேன்னா என் வீட்டு வாசல்ல வந்து கேளுங்க!" தெருவே அதிர்ந்தது. தன் குரல் காதில் விழுந்ததும் அவர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு மாடிக்கு ஓடிவந்து, சிரித்து, எல்லாப் பக்கமும் கையாட்டினார் பாருங்கள்! அவருக்கும் பழக்கதோஷம். பேச்சு மறுபடி முதலிலிருந்து ஓடியபோதுதான் கை பாதியில் நின்றது.

"இது எதிர்க்கட்சிக்காரன் வேலையாண்ணே?" என்றார்.

"இல்ல தம்பி, உங்களுக்காக ஓட்டுக் கேட்ட வாய்தான் இது" என்றார் டெய்லரக்கா. "நீங்க கார்ல போயிடறீங்க. நாங்க அதே தெருவுலதான் நடக்கணும். எல்லாரும் எங்களைத்தான் கேக்கறாங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. கீழே இறங்கி வந்து, அங்கேயே நின்று இன்ஜினியருக்குப் போன் போட்டார். இனி மாதம் ஒருமுறை, மேடை இல்லாமல், எங்கள் தெருவில் நின்றே பதில் சொல்வதாக மைக்கில் ஒப்புக்கொண்டார். அதையும் பதிவு செய்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சம்பந்தி.

ஆகவே மாதக் கடைசியில் மருமகளையும் பேத்தியையும் தயங்காமல் அழைத்து வாருங்கள். கார் வாசல்வரை வரும், அதற்கு நான் பொறுப்பு. குழந்தைக்கு ஆயிரம் முத்தங்கள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம்.

இப்படிக்கு,
தொண்டை கட்டிப்போன உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஒரு பெரிய சத்தம். மாதக் கடைசியில் வர வேண்டாம். வேலையைத் தொடங்கிவைக்க வந்த கவுன்சிலர், உடைந்த பாலத்தின்மேல் பந்தாவாகப் பலகை போட்டுத் தன் காரை உள்ளே கொண்டுவந்தார். அதே பலகையில் கான்கிரீட் லாரியும் ஏறிவிட்டது. மிச்சமிருந்த பாலமும் போய், லாரி தெருமுனையை அடைத்துக்கொண்டு சாக்கடையில் படுத்திருக்கிறது. அவர் கார் உள்ளேயே மாட்டிக்கொண்டது. நடந்து போகலாம் என்றால், கவுன்சிலர் சாக்கடையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். இப்போது எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "மனுஷன் இருக்கிற தெருவாய்யா இது? அவசரத்துக்கு ஒரு ஆம்புலன்ஸ் உள்ள வர முடியுமா?" என்று இன்ஜினியரிடம் போனில் கத்திக்கொண்டிருக்கிறார். நானே கேட்டிருந்தாலும் இவ்வளவு நன்றாகக் கேட்டிருக்க மாட்டேன். பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.