சீனி அண்ணையின் பூனைக்குக் கலை வந்த நாள்

மொன்றியல் தீவில் இருக்கிற அத்தனை தமிழருக்கும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உண்டு என்று ஒரு மனிதர் உறுதியாக நம்பினார். தனக்கு மட்டும் இல்லை என்பதையும் அவரே தீர்மானித்திருந்தார். அம்மா அப்பா அவருக்கு வைத்த பெயர் எனக்குத் தெரியாது. நாங்கள் இருந்த கட்டடம் முழுக்கச் சீனி அண்ணை என்றுதான் கூப்பிடும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். கோட்-டே-நேஜில் ஒரு மூன்று மாடிச் செங்கல் கட்டடம். அதைப் பராமரிக்கிற வேலை அவருக்கு. கீழே அவருடைய வீடு, அதற்கு நேர் மேலே என்னுடையது. எல்லாருடைய குளியலறைக் குழாய்களும் அவருடைய சுவருக்குள்ளால்தான் இறங்கும். இதைவிட ஒரு நோய் நிபுணருக்கு வேறென்ன வேண்டும்? காலையில் வேலைக்கு ஓடும்போது படிக்கட்டில் மறித்துவிடுவார்.

"தம்பி, நேற்று முழுக்க உம்மட குழாயிலை தண்ணி ஓடின சத்தம். ஒருக்கால் ரத்தம் சோதிச்சுப் பாரும்."

"அண்ணை, நேற்று ஞாயிற்றுக்கிழமை. பியர் குடிச்சனான்."

"தொடக்கத்திலை எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை."

இப்போது புரோசார்டில் தனி வீட்டில் இருக்கிறேன். இரவில் எத்தனை தரம் குளியலறைக்கு எழும்பிப் போனாலும் ஏனென்று கேட்க ஒரு நாதியில்லை.

எனக்குப் பெண் தர வந்தவர்களையும் அவர் விடவில்லை. "நல்ல பெடியன். எதுக்கும் கால் விறைக்குதோ எண்டு ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்று அனுப்பினார். அவர்களும் மேலே வந்து கேட்டார்கள். நான் ஓம் என்றேன். மாசி மாதம், வெளியே பனிக்குவியல், நான் கோடைச் சப்பாத்தோடு பஸ்ஸுக்கு நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். தேத்தண்ணியைக்கூட முடிக்காமல் எழும்பிப் போனார்கள். அந்த நாளில் நான் குடித்த குடிக்கு, அந்தச் சம்பந்தம் பொருந்தியிருந்தால் பெண்ணின் கதி என்னவாகியிருக்கும் என்று யோசிக்கிறபோது, சீனி அண்ணை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினார் என்றே சொல்லவேண்டும்.

மனைவி மக்கள் இல்லாத அவருக்கு இருந்த ஒரே உறவு ஒரு பூனை. முதியோர் இல்லத்துக்குப் போன ஒரு கியூபெக் கிழவி விட்டுவிட்டுப் போனது. பெயர் மினு. சீனி அண்ணை மரியாதை தெரிந்தவர். "மினுவர்" என்றுதான் சொல்வார். "மினுவர் படுத்திட்டார்", "மினுவருக்கு இண்டைக்குக் கோபம்" என்று கேட்டால், உள்ளே யாரோ மாமனார் இருப்பதாகத்தான் நினைப்பீர்கள்.

ஊரெல்லாம் சீனி தேடியவருக்கு அது தன் வீட்டுக்குள் வந்தது தெரியவில்லை. மினுவர் கிண்ணத் தண்ணீரைக் குடித்து முடித்து, கழுவுதொட்டிக்குள் ஏறிக் குழாயை நக்கினார். அவர் ஒதுங்குகிற மண்பெட்டி நாள் முழுக்க ஈரம். இரண்டு பேரின் சாப்பாட்டைச் சாப்பிட்டும் முதுகெலும்பு தெரிந்தது. பின்னங்குதிகள் நிலத்தில் பட, செருப்பை இழுத்து நடக்கிற ஓய்வூதியக்காரர் மாதிரி நடந்தார்.

"அண்ணை, இது நீங்கள் எங்களுக்குச் சொல்லுற வருத்தமெல்லே?" என்றேன் பகிடியாக.

"விசர்க்கதை கதையாதையும். அவர் தேத்தண்ணியே குடிக்கிறேல்லை, பேந்தெப்பிடிச் சீனி வரும்?"

மிருக வைத்தியர் சீனிதான் என்றார். என் அரைகுறைப் பிரெஞ்சில் நான்தான் மொழிபெயர்த்தேன். காலையும் மாலையும் ஊசி. சாப்பிட்டால்தான் ஊசி, சாப்பிடாவிட்டால் தன்னைக் கேளாமல் போடக்கூடாது. தள்ளாடினால், நடுங்கினால், ஒரே இடத்தை வெறித்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டது, உடனே கொண்டு வரவேண்டும். சீனி அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கண் மட்டும் மினுவரில் இருந்தது. வெளியே வந்ததும், "ஊசி ஒருநாளும் பிந்தக்கூடாது, அதுதானே சொன்னவர்?" என்றார்.

ஊசி பிந்தவேயில்லை. மினுவரும் தேறி, பழையபடி யன்னலில் ஏறி அணில்களை முறைக்கத் தொடங்கினார்.

பிறகு கந்தசஷ்டி வந்தது. அந்த ஆறு நாளும் சீனி அண்ணை வீட்டுக்குள் மச்சம் மாமிசம் ஏறாது. மீன் மணம் பட்ட கரண்டிகூட வெளியே போய்விடும். வைத்தியர் சொல்லி வாங்கிய மீன் டின்களெல்லாம் நிலவறைக்குப் போயின. மினுவருக்குத் தயிர்ச்சோறு.

முதல் நாள் பின்னேரம் நான் வேலையால் வர, கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. கர்ப்பூரப் புகை. "அரோகரா!" சத்தம். எட்டிப் பார்த்தேன். முருகன் படத்துக்கு முன்னால் மினுவர் அங்குமிங்கும் ஆடிக்கொண்டு நின்றார். தலை நடுங்கியது. வாயோரம் எச்சில்.

"சத்தம் போடாதையும் தம்பி" என்றார் சீனி அண்ணை, கண்கலங்கி. "மினுவருக்குக் கலை வந்திருக்கு."

மனிதர்களில் சாமி இறங்கி ஆடுவதைத்தான் அப்படிச் சொல்வோம். பூனையில் இறங்கியது அதுதான் முதல்தரம். மூன்றாம் மாடி மட்டக்களப்பு அக்கா அதற்குள் கைகூப்பிக் குந்தியிருந்தார்.

"சாமி, என்ட மகன்ட அகதிக் கேஸ் எப்ப சரிவரும்?"

மினுவர் சுவரை வெறித்தார்.

"சுவரைப் பாக்கிறார்! வீடு வாங்கலாம் எண்டு சொல்றாராக்கும்!" என்றார் அக்கா.

நான் வேதக்காரன், மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவன். கலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தள்ளாட்டம் நான் நீண்ட காலம் பழகிய கலை. இது பக்தித் தள்ளாட்டமாக எனக்குத் தெரியவில்லை.

"அண்ணை, இவர் இண்டைக்குச் சாப்பிட்டவரோ?"

"இல்லைத் தம்பி. சோத்தை மணந்து பார்த்திட்டுப் போயிட்டார். அவரும் விரதம்" என்றார் பெருமையாக.

"ஊசி?"

"அது காலமை நேரத்துக்குப் போட்டிட்டன். அதைப் பிந்தலா..."

திரும்பி மினுவரின் நடுங்குகிற தலையைப் பார்த்தார். "சீனி" என்றார். ஊருக்கெல்லாம் அள்ளி வழங்கிய சொல். அதைச் சொல்லும்போது அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

நான் வைத்தியருக்குப் போன் அடித்தேன். தேனோ சீனிப்பாணியோ முரசில், அதுதான் பல் ஈறில், பூசு, தொண்டைக்குள் ஊற்றாதே, உடனே கொண்டு வா என்றார்கள். முருகனுக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் தேன் இருந்தது. இன்னும் படைக்கவில்லை. சீனி அண்ணை யோசிக்கவேயில்லை, விரலை விட்டு அள்ளினார்.

"ஐயோ, கடிக்கிறார்!"

"கடிக்கப் பெலன் இருந்தால் நல்லது. பூசுங்கோ அண்ணை!"

மினுவரைச் சால்வையில் சுற்றி, வேட்டியோடும் நெற்றி நிறைய நீறோடும் என் ஓட்டைக் காரில் ஏறினார். கோட் போடவில்லை. வழியெல்லாம் "மினுவர், மினுவர்" என்று கூப்பிட்டார். கொஞ்சத் தூரம் போக அது "மினு" ஆகியது. பிறகு, "டேய், கண்ணை மூடாதையடா ராசா" என்றார்.

அங்கே ஏற்றிய மருந்தில் மினு தலையைத் தூக்கினான். இனிச் சாப்பிட வேண்டும் என்றார்கள். உதவியாளப் பெண் மீன் டின்னை உடைத்து நீட்ட, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தாங்கோ, நான் குடுக்கிறன்" என்றேன். "நீங்கள் விரதம். எனக்குத் தடையில்லை. வேணுமெண்டால் மினுவரை எங்கட தேவாலயப் பங்கிலை சேர்த்துவிடுவம். வெள்ளிக்கிழமையும் மீன் கிடைக்கும்."

அவர் சிரிக்கவில்லை. டின்னை என் கையிலிருந்து வாங்கி, ஐந்து விரலாலும் மீனை எடுத்துப் பிசைந்து அவன் வாய்க்குக் கிட்டப் பிடித்தார். மினு மணந்தான். நக்கினான். பிறகு விரல்களையும் சேர்த்தே சாப்பிட்டான். சீனி அண்ணை மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் டிஷு நீட்டினாள்.

ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவனை அங்கேயே மறித்துவிட்டார்கள். ஆபத்தில்லை என்றார்கள். காருக்குள் ஏறினதும் சீனி அண்ணை கேட்டார்: "கோயிலிலை ஒருக்கால் இறக்கிவிடுவீரோ?"

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயில் வரைக்கும் காரை ஓட்டினேன். சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தார்தான். ஆனாலும் கையில், சால்வையில், வேட்டியில், கார் முழுக்க மீன்.

"தம்பி" என்றார் மெல்ல. "மணக்குதோ?"

எனக்கு வாய்நிறையப் பகிடிகள் வந்து முட்டின. சாதாரண நாளென்றால் ஒன்றையும் விட்டிருக்கமாட்டேன்.

"இல்லை அண்ணை. கர்ப்பூரம்தான் மணக்குது" என்றேன்.

கோட் இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தார். ஹீட்டரைக் கூட்டிவிட்டேன். சூட்டில் மீன் இன்னும் நன்றாக மணந்தது. யன்னலை நான் திறக்கவில்லை.